கயிறு யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு எழுதுங்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 24. சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஊரில் ஆட்டின் நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி பைக்கில் போட்டுக் கொண்டுபோகிறார்கள். சந்தைக்குப் போகும் மினி லாரியில் மூச்சுவிட இடமில்லாமல் அடைக்கிறார்கள். தெருமுனைக் குப்பையில் மாடுகள் பிளாஸ்டிக் கவரைத் தின்கின்றன. ஆறு மாதமாக நோட்டீஸ் எழுதி ஒட்டுகிறேன். ஒன்றைக் கிழித்துவிட்டார்கள். இன்னொன்றின் மேல் யாரோ ‘முதல்ல மனுசனப் பாரு’ என்று எழுதிவைத்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்டுவதைப் பற்றி எழுதியதற்கு அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். என் சித்தப்பா ஆட்டு வியாபாரி. மூன்று மாதமாக அவர் என்னிடம் பேசுவதில்லை. நான் எழுதுவதில் என்ன தப்பு? எப்படி எழுதினால் மனசு மாறும்? என் நோட்டீஸ் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அம்மா. நோட்டீஸை நாலு தடவை படித்தேன். வாசகர்களுக்காக அதை இங்கே தருகிறேன். “மனிதா, நீ மிருகமா? வாயில்லா ஜீவன்களை வதைக்கும் கல்நெஞ்சக்காரர்களே! பணத்துக்காகப் பாவத்தைச் சேர்க்காதீர்கள். சட்டம் சும்மா விடாது. உயிர்களை நேசிப்போம், மனிதநேயம் காப்போம்.”

பிழையில்லாத தமிழ். மனசு கொதித்து எழுதியிருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் இதை ஒரு ஆட்டு வியாபாரி காலையில் டீக்கடைச் சுவரில் படிக்கிறார் என்று வையுங்கள். முதல் வரியில் அவர் மிருகம். அடுத்த வரியில் கல்நெஞ்சக்காரர். அப்புறம் பாவி. அதற்கப்புறம் போலீஸ் வருகிறது. கடைசி வரிக்கு வரும்போது அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போயிருப்பார். போகாமல் நின்று முழுதும் படித்தாலும், ‘சரி, நான் இப்ப என்ன செய்யணும்?’ என்று கேட்டால் நோட்டீஸில் பதில் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். விலங்குகளுக்காகப் பரிந்து எழுதும் தாளில், ஒரு மனிதரைத் திட்டுவதற்கு ‘மிருகம்’ என்ற சொல்லையே எடுத்திருக்கிறீர்கள்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன். அதனால்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன். கால்நடை மருத்துவராக இந்த மாவட்டத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆற்றோரம் ஒரு ஊரில் வண்டிமாடுகளின் கழுத்துப் புண்ணைப் பார்த்துத் தாங்க முடியாமல், ‘காயம்பட்ட மாட்டை வண்டியில் பூட்டுபவர்கள் மீது வழக்குத் தொடரப்படும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச்சொன்னேன். பத்து நாள் கழித்து அதே ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம். பசுமாடுகள் வந்தன, கன்றுகள் வந்தன. ஒரு வண்டிமாடுகூட வரவில்லை. நான் புண்ணைப் பார்த்துக் கேஸ் போட்டுவிடுவேன் என்று எல்லாவற்றையும் தோப்புக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தடவை அவற்றுக்கு ஊசி போட முடியாமலே போனது.

சாயங்காலம் ஒரு பெரியவரைத் தேடிப்போய்ப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. “டாக்டரய்யா, எம்மாட்டுக் கழுத்துல புண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுச் சோறு எந்தக் கழுத்துல இருந்து வருதுன்னு நெனைக்கிதிய?” என்று கேட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. அந்த மனிதர் தினமும் நாலு தடவை தொட்டுப் பார்க்கும் கழுத்தைப் பற்றி, ஒரு தடவை பார்த்த நான் அவருக்கே மிரட்டல் எழுதியிருக்கிறேன். அடுத்த நோட்டீஸை அவர் திண்ணையில் உட்கார்ந்தே எழுதினேன். ‘நுகத்தடியில் மாட்டின் கழுத்துப் படும் இடத்தில் சாக்கைச் சுற்றுங்கள். புண் தெரிந்த அன்றே மருந்து வைத்து நாலு நாள் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். விட்டுவிட்டால் நாற்பது நாள் மாடு தொழுவத்தில் நிற்கும். மருந்து ஆஸ்பத்திரியில் இலவசம்.’ அவ்வளவுதான். அந்த வாரமே சாக்குச் சுற்றிய நுகத்தடிகளை ரோட்டில் பார்த்தேன்.

ஆகவே எழுத உட்காரும்முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள். இந்த விலங்கின் கயிறு இப்போது யார் கையில் இருக்கிறது? அந்த ஆளுக்கு எழுதுங்கள். ஊருக்கு, உலகுக்கு, மனித குலத்துக்கு எழுதினால் யாருக்கும் போய்ச் சேராது. அந்த ஆளின் முகத்தை மனதில் வைத்து, அவர் நாளைக் காலையில் செய்துவிடக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். மூன்று காரியம் கேட்டால் ஒன்றும் நடக்காது.

முதலில் உங்கள் குப்பைமேட்டு மாட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே கயிறு மாட்டுக்காரர் கையில் இல்லை. தெருவில் முப்பது வீட்டு அடுக்களையில், மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடும் கைகளில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிந்தாமல் இருக்கட்டும், நாறாமல் இருக்கட்டும் என்றுதான் முடிச்சுப் போடுகிறார்கள். அந்த முடிச்சுதான் மாட்டைக் கொல்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் வளைத்து இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கிவிட்டு, பிற்பாடு படுத்து அசைபோடும். ஆடு மாதிரி உதட்டால் பிரித்துப் பொறுக்கித் தின்னத் தெரியாது. சோற்று வாசம் வந்தால் கவரோடு உள்ளே போகும். நான்கு அறை உள்ள வயிற்றில் முதல் அறை பெரிய தொட்டி மாதிரி. கவர் அங்கே போனதும் செரிக்காது, அடுத்த அறைக்கும் நகராது, அங்கேயே கிடந்து ஒன்றோடொன்று திரித்துக்கொள்ளும். வயிறு நிறைந்தே இருப்பதால் மாடு தீவனத்தை ஒதுக்கும். பால் குறையும், எலும்பு தெரியும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். ஊசி, கம்பித்துண்டு சேர்ந்து போனால் அது இரண்டாம் அறையைக் குத்தி, முன்னால் இருக்கும் இதயம் வரை போய்விடும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அம்மாவின் மாட்டுக்கு இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் திறந்து, தோள் வரை கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டோம். ஒரு சாக்கு நிறைந்தது. மாடு பிழைக்கவில்லை. கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், அந்த ஒரு மாட்டுப் பால்தான் வருமானம். அவர் அழவில்லை. சாக்கிலிருந்து ஒரு கவரை எடுத்து விரித்து, “இது நம்ம தெரு முக்குக் கடைக் கவருல்லா” என்றார். நான் அதைத்தான் எழுதினேன். மாடு எத்தனை ஈத்து ஈன்றது, எந்தத் தெரு, வயிற்றில் கிடந்தது எந்தக் கடைக் கவர். அந்த அம்மாவிடம் படித்துக் காட்டி அவர் சம்மதத்தோடு பால் சொசைட்டி சுவரில் ஒட்டினோம். கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர்தான் முதலில் கடை வாசலில் ஒரு பழைய தொட்டியை வைத்தார்.

உங்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் இப்படி: “அக்கா, மிச்சச் சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டு எறிந்தால் மாட்டுக்கு அவிழ்க்கத் தெரியாது, கவரோடு விழுங்கிவிடும். சோற்றைத் தொட்டியில் கொட்டுங்கள், கவரைத் தனியே போடுங்கள்.” இதற்கு மேல் உங்கள் தெருவில் நீங்கள் கண்ணால் பார்த்த மாட்டைப் பற்றி மூன்று வரி. ‘நாடு முழுதும் லட்சக்கணக்கான மாடுகள்’ என்று ஆரம்பிக்காதீர்கள்.

லட்சங்களை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு அது. சிலரிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைக் காட்டி உதவி கேட்டார்கள். வேறு சிலரிடம் ஆப்பிரிக்காவில் பட்டினி கிடக்கும் லட்சக்கணக்கானவர்களின் கணக்கைச் சொல்லிக் கேட்டார்கள். ரோக்கியாவுக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள். வியப்பு அதுவல்ல. ரோக்கியாவின் கதையோடு அந்தப் புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோது, கொடுத்த தொகை குறைந்துபோனது. ஒரு முகத்தைப் பார்த்து இளகிய மனசு, எண்ணிக்கையைக் கேட்டதும் ‘நம்மால் என்ன ஆகும்’ என்று பின்வாங்கிவிடுகிறது. மனிதக் குழந்தைக்கே இப்படியென்றால் மாட்டுக்குக் கேட்க வேண்டாம். ஒரு மாடு, அதன் நிறம், அது நிற்கும் தெரு. அது போதும்.

படம் போடுவதாக இருந்தால், நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும். எங்கிருந்தோ வந்த படத்தைப் போட்டு ‘நம் மாவட்டத்தில் நடந்த கொடுமை’ என்று எழுதினால் நம் ஊர்க்காரர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொம்பையும் திமிலையும் பார்த்தாலே இது எந்தச் சீமை மாடு என்று சொல்லிவிடும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். கன்னி ஆட்டின் முகத்தில் ஓடும் கோடு வெள்ளையா செம்மையா என்று பார்த்து பால்கன்னி, செங்கன்னி என்று பிரித்துச் சொல்லும் ஊர் இது. ஒரு படம் பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்து நீங்கள் எழுதும் பத்து உண்மையும் பொய்யாகிவிடும். ரத்தம் தெரியும் படமும் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவரிடம் எதைக் கேட்பீர்கள்?

இனி சித்தப்பா. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த இடம் அதுதான்.

ஆட்டு வியாபாரி ஆட்டை வெறும் கறியாகப் பார்க்கிறவர் என்று நினைக்காதீர்கள். மேலப்பாளையம் சந்தையில் ஒரு நாள் காலை நின்று பாருங்கள். துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் அந்தக் கூட்டத்தில், பல்லைப் பார்த்து வயதையும் முதுகைத் தடவி எடையையும் வயிற்றைத் தொட்டுச் சினையையும் சொல்லிவிடுவார்கள். எது காய்ச்சலில் இருக்கிறது என்று காதைத் தொட்டுச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்கு ஆடு தெரியும். உங்களுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத ஏதாவது ஒன்று இருந்தால், அதைத்தான் எழுத வேண்டும். திட்டுக்குப் பதில் புதிதாக ஒரு விவரத்தைக் கையில் கொடுத்தால் யாரும் அதைக் கீழே போடுவதில்லை.

அப்படி இரண்டு விவரம் தருகிறேன். ஆடு அசைபோடும் பிராணி. அதன் வயிற்றில் எந்நேரமும் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், ஆடு ஏப்பம் விட்டு அதை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலைக் கட்டிப் பக்கவாட்டிலோ மல்லாத்தியோ போட்டால் வயிற்றில் இருக்கும் நீர் ஏப்ப வழியை மூடிக்கொள்ளும். வாயு வெளியே போகாது, வயிறு ஊதி நுரையீரலை நெருக்கும். பைக்கில் கட்டிப் போட்ட ஆடு கத்தாமல் வருகிறதே, சாதுவாக இருக்கிறதே என்று நினைக்கிறோம். மூச்சு இல்லாமல்தான் கத்தவில்லை. கோழிக்கும் இதுபோல ஒன்று உண்டு. நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வுத் தசை இருக்கிறது, கோழிக்கு அது கிடையாது. தலைகீழாகத் தொங்கவிட்டால் குடலும் ஈரலும் சரிந்து காற்றுப்பைகளை அழுத்தும். இதை ஊரில் நான் சொன்னபோதெல்லாம், “அப்படியா சார்?” என்று கேட்டுக் காலைப் பிடித்திருந்த கையை மாற்றியவர்கள்தான் அதிகம்.

அதனால் பைக் ஓட்டுகிறவருக்கு எழுதும் வரி இது: “ஆட்டைப் படுக்கப் போடாதீர்கள். காலைக் கட்டாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும்.” ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், நியாயம்தான். ஆனால் செய்யக்கூடியது.

மினி லாரிக்கு வருவோம். நெருக்கியடித்து மிரண்டு நிற்கும் ஆடு வழியெல்லாம் புழுக்கையும் மூத்திரமுமாகக் கழித்து, தண்ணீர் வற்றி, இறங்கும்போது எடை குறைந்திருக்கும். மிரண்டு களைத்த ஆட்டின் சதையில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதால் கறி கருத்துப் போகும், சீக்கிரம் கெடும். கீழே விழுந்து மிதிபட்டால் கன்றிப்போன இடத்தைக் கசாப்புக்காரர் வெட்டி எறிவார். இந்த நஷ்டமெல்லாம் உங்கள் சித்தப்பா தலையில்தான் விழுகிறது. விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகளில், ஆட்டு வண்டித் தரையில் வைக்கோல் மாதிரி மெத்தென்று ஏதாவது விரிக்க வேண்டும், கிடாயையும் பெட்டையையும் ஒரே அறையில் கலக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. மாடு என்றால் ஒரு லாரியில் ஆறுக்கு மேல் ஏற்றக் கூடாது.

ஆனால் இந்த விதிகளை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போகாதீர்கள், அம்மா. ஒரு சந்தைநாள் விடியற்காலை அவர் வீட்டுக்குப் போய், “சித்தப்பா, நானும் வாறேன்” என்று வண்டியில் ஏறுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். ஆடு ஏற்ற உதவுங்கள். எந்த ஆடு மிரளும், எது முட்டும், எந்த வளைவில் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்று கேளுங்கள். அவர் சொல்லுவார், தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து அவர் சொன்ன சொற்களிலேயே நோட்டீஸ் எழுதுங்கள். ‘வதை’ வேண்டாம். ‘அரண்டுபோகும்’, ‘நெரிபடும்’ என்று அவர் வாயில் வந்ததை எழுதுங்கள். ஒட்டுவதற்கு முன் அவரிடம் கொண்டுபோய், “இதுல தப்பு இருந்தா திருத்தித் தாங்க சித்தப்பா” என்று கொடுங்கள். அவர் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்துவார். அந்தத் திருத்தம் உங்கள் எழுத்துக்குக் கிடைக்கும் பெரிய வரவு. பிறகு அந்த நோட்டீஸை வேறு எந்த வியாபாரியும் கிழிக்க மாட்டார்.

இங்கே நம் ஊரைப் பற்றி வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் ‘சைவம்’ என்பது சாப்பாட்டை மட்டும் குறிக்கும் சொல் இல்லை. அதில் சாதி இருக்கிறது. ஜீவகாருண்யம் பேசுகிறவரைப் பார்த்ததும், ‘இவர் எந்தத் தெரு?’ என்று மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும். ‘கறி தின்பவர்கள்’ என்று நீங்கள் எழுதினால், காலம்காலமாகக் கீழே வைத்துப் பார்க்கப்பட்ட ஒருவருக்கு அது பழைய அவமானமாகத்தான் கேட்கும். பக்ரீத் சமயத்தில் மட்டும் ஆட்டின் மேல் அன்பு பொங்கி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வரிசையில் உங்கள் பெயர் சேர்ந்துவிடக் கூடாது. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் நேரத்தில் அந்த ஆட்டுக்கு என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். அதில் எல்லாத் தெருவும் எல்லா மதமும் ஒன்றாக உட்கார முடியும்.

‘சட்டம் சும்மா விடாது’ என்ற வரியைப் பற்றிச் சுருக்கமாக. மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-இல். அதற்கு முன்னால், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். அந்தச் சட்டத்தில் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இது வியாபாரிக்குத் தெரியும். ஆகவே அவரை அபராதத்தைக் காட்டி மிரட்ட முடியாது. விஷம் வைத்து நாயைக் கொல்வது, வெட்டி ஊனமாக்குவது என்றால் விஷயம் வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அப்படி ஏதாவது நடந்தால் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். அதில் உணர்ச்சி ஒரு சொல்கூட வேண்டாம். தேதி, நேரம், இடம், பார்த்தது என்ன, பார்த்தவர் யார், என்ன நடவடிக்கை வேண்டும். ஒரு பக்கம் போதும். கொக்கிரகுளத்தில் திங்கள்கிழமை கலெக்டரிடம் கொடுக்கும் மனுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும் இடத்தில் அதிகாரி முதல் மூன்று வரியைத்தான் படிப்பார்.

கிராம சபையையும் மறக்காதீர்கள். கோடையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை மே 1 கூட்டத்தில் வைத்தால் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. அங்கே பழையதைச் சொல்லலாம். நம் முன்னோர் எண்ணி வைத்த முப்பத்திரண்டு அறங்களில், மாடு முதுகு அரிப்பெடுத்தால் உரசிக்கொள்ள ஒரு கல் நட்டுவைப்பதும் ஒன்று. ஆவுரிஞ்சு கல் என்று பெயர். சொறிந்துகொள்ளக் கை இல்லாத பிராணியின் அரிப்பை நினைத்துக் கல் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் தொட்டி கேட்கிறீர்கள்.

கொடை விஷயத்துக்கு வருகிறேன். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1950-லேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு அது தாளில் கிடந்தது. 2003-இல் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. 2004-இல் அந்தச் சட்டமே ரத்தானது. நான் அப்போது பணியில் இருந்தேன். சுடலைமாடன் கோயிலுக்கும் இசக்கியம்மன் கோயிலுக்கும் கொடைச் செலவில் குடும்பப் பங்காக வரி கொடுக்கிறவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “எங்க சாமிக்கு என்ன வேணும்னு சொல்ல அவுக யாரு?” ஆட்டைப் பற்றி அந்த ஒரு வருஷத்தில் யாரும் பேசவே இல்லை. பேச்செல்லாம் யார் சாமி உசத்தி, யார் சாமி தாழ்த்தி என்றே போனது. பல வருஷங்களாகக் கிடாவுக்குப் பதில் பொங்கலோடு நிறுத்திக்கொள்வோமா என்று தங்களுக்குள் யோசித்துக்கொண்டிருந்த சில குடும்பங்கள்கூட அந்த வருஷம் பிடிவாதமாக வெட்டின.

கிடா வெட்டு நிற்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த விருப்பம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அங்கே கயிறு, சாமியாடும் சாமிகொண்டாடி கையிலும் வரிக்காரர்கள் கையிலும் இருக்கிறது. உங்கள் அப்பாவும் அதில் ஒருவர். சுவரில் எழுதி அவர்களை நீங்கள் மாற்ற முடியாது. இந்த வருஷத்துக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள், அதுவும் அப்பா மூலமாக, வாய்ப்பேச்சாக. நேர்ந்துவிட்ட கிடாயைக் காலையிலிருந்து வெயிலில் கட்டாமல் நிழலில் கட்ட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், பக்கத்தில் வேட்டுப் போடக் கூடாது. சாமிக்கு என்று விட்ட உயிரைத் தாகத்தோடு நிறுத்தக் கூடாது என்று சொன்னால், அதைச் சாமிகொண்டாடியே எடுத்துச் சொல்லுவார். இது போதாது என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் கிடாய்க்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம் இருக்கிறது, அதற்கு இது பெரிது.

மனசு மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் போயிருக்கிறீர்களா? மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். 1994-இல் அரசு சரணாலயம் என்று அறிவித்தது. ஊர்க்காரர்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்துவந்தவர்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் உரக் கணக்கு மட்டும் பார்க்கிறவர், மரத்தடியில் விழுந்த ஒரு குஞ்சுக்கு மீன் பொறுக்கி ஊட்டிக்கொண்டிருக்க மாட்டார். உங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில், கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் அடைகின்றன. 2005-இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே இருக்கும் ஆச்சிமாரிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நீங்கள் தேடும் சொற்கள் அவர்கள் வாயில் இருக்கும்.

உங்கள் நோட்டீஸின் மேல் எழுதியிருந்த ‘முதல்ல மனுசனப் பாரு’வுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை எழுதியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிளாஸ்டிக்கால் மாட்டை இழந்த அந்த அம்மாவும், கழுத்தில் புண்ணுள்ள மாட்டைப் பூட்டி வண்டி ஓட்டிய பெரியவரும் மனுசர்தானே. பெரும்பாலும் விலங்கின் பக்கத்தில் ஒரு ஏழை நிற்கிறார். அவரையும் சேர்த்து எழுதுங்கள், அந்தக் கேள்வி எழாது.

ஆனால் ஒன்றில் நான் உங்களை எச்சரிக்க வேண்டும், இது என் அனுபவத்தில் நான் தாமதமாகப் புரிந்துகொண்டது. எடை குறையும், பால் குறையும், கறி கெடும் என்று லாபக் கணக்கு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டால், கணக்கில் வராத உயிர்களுக்கு நம்மிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பாரம் சுமந்து முடிந்து ரோட்டில் விடப்பட்ட கழுதை, வறண்டுபோன கிழட்டுப் பசு, கால் ஒடிந்த தெருநாய் இவற்றால் யாருக்கும் காசு இல்லை. அதனால் ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு வரியாவது கணக்கில்லாமல் எழுதுங்கள். ‘அதுக்கு வலிக்குது’ என்று அவ்வளவு எளிமையாக. லாபத்துக்காகப் படிக்க வந்தவர் கண்ணில் அதுவும் படட்டும். இத்தனை வருஷத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு என்னிடம் மறுத்துப் பேசியவர் ஒருவரும் இல்லை.

சித்தப்பாவோடு சந்தைக்குப் போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் திருத்தித் தந்த நோட்டீஸை, அடித்தது எழுதியதெல்லாம் அப்படியே இருக்கும்படி ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். வண்டித் தரையில் அன்றைக்கு என்ன விரித்திருந்தது என்றும் சொல்லுங்கள்.